ஒன்றும் நடக்காத வட்டம்

பாதுகாப்புத் தரவரிசை வாரியம் ஆண்டுக்கு ஒரு முறை ஒரு கையேடு வெளியிடும். நகரத்தின் பதினான்கு வட்டங்களும் அதில் முதல் மாணவன், கடைசி மாணவன் என்று வரிசையாக நிற்கும். எங்கே எத்தனை திருட்டு, எத்தனை அடிதடி, எத்தனை பெண்கள் புகார் கொடுத்தார்கள் என்பதையெல்லாம் கூட்டி, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்திருப்பார்கள். எண் குறையக் குறைய வாடகை ஏறும். வீடு தேடுகிறவர்கள் ஒரு கையில் சாவியும் மறு கையில் கையேடுமாக அலைவார்கள்.

தராசுக்காரரும் அப்படித்தான் அலைந்தார். கடைகடையாகப் போய்த் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். முப்பது வருடம் முள்ளையே பார்த்துப் பழகியவர். "மனுஷன் பொய் சொல்லுவான், முள்ளு சொல்லாது" என்பார். தட்டின் அடியில் மெழுகுருண்டை ஒட்டி வைத்த வியாபாரிகள் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அரசாங்கமும் தன் தட்டின் அடியில் எதையாவது ஒட்டியிருக்கலாம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. நல்லவர்களுக்கு அது தோன்றாது.

அவர் குடும்பம் இருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். பார்த்த வீடுகளில் இரண்டு தேறின. ஒன்று நான்காம் வட்டம், இன்னொன்று பதினொன்றாம் வட்டம்.

"நாலாம் வட்டத்து வீடுதாங்க எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மனைவி. "தெரு முனையில வழி கேட்டேன். ஒரு அம்மா கையில இருந்த வேலையைப் போட்டுட்டு வீடு வரைக்கும் கூட வந்து விட்டுட்டுப் போனாங்க."

"நானூத்திப் பன்னெண்டு" என்றார் அவர், கையேட்டில் விரலை வைத்தபடி.

"எது, வாடகையா?"

"குற்றம். ஒரு வருஷத்துல. பதினாலு வட்டத்துல பதினாலாவது."

"உங்க பதினொண்ணுல எத்தனையாம்?"

"பூஜ்யம்."

"பூஜ்யமா? நம்ம ரெண்டு பேருக்குள்ளயே மாசம் மூணு சண்டை நடக்குது. ஒரு வட்டம் பூரா பூஜ்யம்னா, அங்க மனுஷங்க குடியிருக்காங்களா, பொம்மைங்க குடியிருக்குதா?"

"நம்ம பொண்ணு வேலைக்குப் போய்ட்டு வர்றா" என்றார் அவர்.

அதோடு பதினொன்றாம் வட்டம் என்று முடிவாயிற்று. மகளுக்கு இருபத்து மூன்று வயது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் அவர் கையேடு வாங்கினார்.

பதினொன்றாம் வட்டத்தின் நுழைவாயிலில் ஒரு வளைவு இருந்தது. அதில் தகரத்தில் எண்கள் தொங்கின: "குற்றமின்றி 912 நாட்கள்." தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு காவலர் முக்காலியோடு வந்து, ஏறி, கடைசி எண்ணைக் கழற்றி அடுத்ததை மாட்டுவார். பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வட்டத்துக்குள் காவலர் செய்கிற ரோந்து அவ்வளவுதான்.

குடிவந்த அன்று தராசுக்காரர் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் மூன்று பூட்டு. மதில் மேல் கண்ணாடித் துண்டுகள். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"இவ்வளவு பூட்டு எதுக்குங்க?"

"பாதுகாப்பான இடம் சார் இது" என்றார் எதிர்வீட்டுக்காரர், சற்று வருத்தத்தோடு. "பூட்டாம இருக்க முடியுமா?"

எட்டாம் நாள் முன்னறையிலிருந்த, தராசில் எடை பார்க்கும் பித்தளைப் படிக்கற்கள் பெட்டியோடு காணாமல் போயின. அவர் காவல் நிலையத்துக்குப் போனார். அந்த நிலையத்தைப் போல் சுத்தமான அலுவலகத்தை அவர் பார்த்ததில்லை. கண்ணாடி அலமாரி முழுக்கக் கேடயங்கள். காத்திருக்கும் பெஞ்சில் வார்னிஷ் மணம் மாறவில்லை. ஆய்வாளர் எழுந்து நின்று வரவேற்று, தேநீர் வரவழைத்தார்.

"திருட்டுப் போச்சுங்க" என்றார் தராசுக்காரர்.

அறையில் இருந்த இரண்டு காவலர்களும் தலை நிமிர்ந்தார்கள். ஒருவர் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார்.

"அந்த வார்த்தை வேண்டாம் சார்" என்றார் ஆய்வாளர் மென்மையாக. "உங்க படிக்கல்லு இப்ப உலகத்துல எங்கயாவது இருக்கா, இல்லையா?"

"இருக்கும்ங்க. எங்கயாவது."

"இருக்குல்ல? அப்புறம் எப்படிக் காணாமப் போகும்? உங்க வீட்டுல இருந்தது, இப்ப வேற இடத்துல இருக்கு. இதுக்குப் பேரு இடம் மாறிய பொருள்." ஒரு படிவத்தை எடுத்து, பென்சிலைக் கூராக்கி, எழுத ஆரம்பித்தார்.

"பென்சில்ல எழுதறீங்களே?"

"புகாருங்கறது புண்ணு மாதிரி. ஆற விடணும். மாசக் கடைசியில எடுத்துப் பார்ப்போம். ஆறியிருந்தா அழிச்சிடுவோம்." மேசை மேல் சோப்புக்கட்டி அளவுக்கு ஓர் அழிரப்பர் இருந்தது. பாதி தேய்ந்திருந்தது.

"ஆறலைன்னா?"

"நம்ம வட்டத்துல எல்லாம் ஆறிடும் சார். ஜனங்க அப்படி."

வீட்டில் மனைவி கேட்டாள்: "படிக்கல்லுக்கு எப்பங்க கால் முளைச்சது?" காலையில் வளைவில் எண் ஒன்று கூடியது.

வாரியத்தின் பேரேட்டைப் போல இன்னொரு பேரேடு மேலே இருக்கிறது, அதில் அழிரப்பருக்கு இடமில்லை என்று நம்புகிறவர்கள் உண்டு. தராசுக்காரர் அந்த நம்பிக்கையோடுதான் அன்று தூங்கினார். ஆனால் மேலே இருக்கிற பேரேட்டைக் காட்டி இங்கே ஒரு கான்ஸ்டபிளைக்கூட எழுப்ப முடியாது.

960-ஆம் நாள். சாப்பிடும்போது மகள், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பஸ் ஸ்டாப்புல இருந்து ஒருத்தன் பைக்ல பின்னாலயே வர்றான்ப்பா. சிவப்பு பைக். மெதுவா, நான் நடக்கற வேகத்துக்கே ஓட்டிக்கிட்டு வர்றான்."

"எத்தனை தடவை?"

"நாலஞ்சு தடவை."

மறுநாள் காலையிலேயே அவளை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். அவள் வார்னிஷ் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

ஆய்வாளர் கண்ணை மூடி முழுக்கக் கேட்டார். "ரோடுன்னு இருந்தா, யாராவது ஒருத்தருக்குப் பின்னால யாராவது ஒருத்தர் வந்துதானே ஆகணும்? எல்லாரும் முன்னால போக முடியுமா?"

"இவ வேகத்துக்கே ஓட்டுறான்ங்க."

"மெதுவா ஓட்டுறான்னு சொல்லுங்க. மெதுவா ஓட்டுங்கன்னு நாங்கதானே ஊரெல்லாம் போர்டு வெச்சிருக்கோம்? சட்டத்தை மதிக்கற பையன் மாதிரி தெரியுது." பென்சில் நகர்ந்தது. "இதை 'ஒரே திசைப் பயணம்'னு எழுதிக்கறேன். பொண்ணை வேற வழியா வரச் சொல்லுங்க."

"வேற வழி கிடையாதுங்க. ஒரே ரோடுதான்."

"அப்ப வேற வேலை பார்க்கச் சொல்லுங்க" என்றார் ஆய்வாளர், உண்மையான அக்கறையோடு.

அன்று மாலையே குடியிருப்போர் சங்கத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். நிலையத்துக்குள் போகிறவர்களின் பெயர் சங்கத்துக்குப் போய்விடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற தணிக்கையாளர். மடியில் ஒரு வரைபடத்தை விரித்தார். அதில் ஒரு கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது.

"இது நம்ம வட்டத்து வீட்டு மதிப்பு. ஒரே ஒரு குற்றம் பதிவாச்சுன்னா இந்தக் கோடு எங்க போய் விழும் தெரியுமா? ஆயிரமாவது நாளுக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள்தான் இருக்கு. அதுவரைக்கும் உங்க பொண்ணு கொஞ்சம் பொறுத்துக்கிட்டா..."

"எதைப் பொறுத்துக்கணும்னு சொல்லுங்க" என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்று. "உங்க வாயால அதைச் சொல்லுங்க, கேக்கறேன்."

தலைவர் வரைபடத்தைச் சுருட்டினார். "கோபப்படாதீங்கம்மா. எங்களுக்கும் அக்கறை இல்லாம இல்ல. என் பொண்ணையுமே அப்ப இதே மாதிரி..." நிறுத்தினார்.

"உங்க பொண்ணையும்?"

"அவ இப்ப வெளியூர்ல இருக்கா. நல்லா இருக்கா." எழுந்து, செருப்பைத் தேடினார். மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்க்காமல் அவரவர் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

997-ஆம் நாள் மாலை ஆறே முக்காலுக்கு அந்தப் பைக் நின்றது. இறங்கியவன் அவள் கையைப் பிடித்து முறுக்கி, இரண்டு மதில்களுக்கு நடுவே இருந்த சந்துக்குள் இழுத்தான். அவள் கத்தினாள். பதினோரு வீடுகளில் திரைச்சீலை அசைந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

தெருவைக் கூட்டுகிற அம்மா குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான்காம் வட்டத்துக்காரர், வேலை மட்டும் பதினொன்றில். அவர் கையேடு படித்தவரல்ல. வண்டியை அப்படியே கொண்டுபோய் அவன் முதுகில் மோதினார். துடைப்பக் கட்டையால் இரண்டு போட்டார். அவன் பைக்கில் ஏறி ஓடினான். அவன் போகும்போது அந்த அம்மா பைக்கின் எண்ணை வாய்விட்டு மூன்று தரம் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டார். மகளை வாடகை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போய், பெற்றோர் வந்து சேரும் வரை அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தராசுக்காரர் வாடகை வண்டிக் கூலி தர வந்தபோது, "அட போங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றார். கண் கலங்கியிருந்தது. "சத்தம் கேட்டதும் ஓடி வந்தேன் சார். மூணு பூட்டு. மூணாவதைத் திறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. இனிமே திறந்து என்ன ஆகப் போகுதுன்னு திரும்பப் பூட்டிட்டேன்."

தராசுக்காரர் வளைவைக் கடந்து நிலையத்துக்கு நடந்தார். முக்காலிக் காவலர் 998-ஐ மாட்டிக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் மருத்துவச் சீட்டை இரண்டு முறை படித்தார். "'கீழே விழுந்து மணிக்கட்டு முறிவு'ன்னு நம்ம வட்டத்து டாக்டரே எழுதியிருக்கார். சார், பொருள் கீழ விழறதுக்கு என்ன காரணம்? புவியீர்ப்பு. அது மேல வழக்குப் போட எனக்கு அதிகாரம் கிடையாது."

"அவன் முறுக்கி இழுத்தான்ங்க! பார்த்த சாட்சி இருக்கு. வண்டி நம்பர் இருக்கு."

"எந்த சாட்சி? கூட்டற அம்மாவா? நாலாம் வட்டத்துக்காரங்க எதைப் பார்த்தாலும் குற்றம்னுதான் சொல்லுவாங்க. வளர்ந்த இடம் அப்படி."

தராசுக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேசையை ஓங்கித் தட்டினார். அழிரப்பர் உருண்டு தரையில் விழுந்தது. ஆய்வாளர் குனிந்து அதை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கும் பொண்ணு இருக்கு சார். ஒண்ணு செய்யுங்க. ஆயிரமாவது நாள் விழாவுல, எண்ணைப் பார்த்து இந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்த குடும்பம்னு உங்களை மேடையேத்தப் போறாங்க. வந்துட்டுப் போங்க. மறுநாள் வாங்க. நானே எழுதறேன். பேனாவுல."

அவருக்கு வேண்டியது அந்த ஒரு வரி எழுத்துதான். அது எழுதப்பட்டால் அவனைத் தேடுவார்கள். தேடினால் மகள் மறுபடி அந்தப் பத்து நிமிடத்தை நடப்பாள். அவர் தலையாட்டினார்.

விழாப் பந்தலில் மகளை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். கட்டுப் போட்ட கை தெரியாதிருக்கச் சங்கம் ஒரு சால்வை கொடுத்தது. வாரியத்தின் இயக்குநர் பேசினார். அவர் கள்ளம் கபடமில்லாத மனிதர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"பத்து வருஷத்துக்கு முன்னால இந்த வட்டத்துல இருநூறு குற்றம். நாங்க என்ன செஞ்சோம்? காவலரைக் கூட்டினோமா? இல்லை. தெருவிளக்குப் போட்டோமா? இல்லை. புகார் வாங்கற சன்னல் நாலு இருந்தது. மூணை மூடினோம். அடுத்த வருஷமே இருநூறு, இருபதாச்சு! மக்கள் எவ்வளவு சீக்கிரம் திருந்திட்டாங்க பாருங்க!"

கைதட்டல்.

"குற்றம்ங்கறது ரெண்டு பேர் சேர்ந்து செய்யற காரியம். ஒருத்தன் செய்யறான். இன்னொருத்தர் வந்து சொல்றார். செய்யறவனைத் திருத்தறதுக்கு ஒரு தலைமுறை ஆகும். சொல்றவரைத் திருத்த ஒரு பெஞ்சு போதும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்கார வெச்சாப் போதும்!"

சிரிப்பும் கைதட்டலும்.

"நாலாம் வட்டத்துல ஒரு எழுத்தர் இருக்கார். செருப்பைக் காணோம்னு வந்தாலும் எழுதறார். பொண்டாட்டியை அடிச்சான்னு பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாலும் எழுதறார். அந்த ஒரு மனுஷனால ஒரு வட்டமே கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு. மூணு வருஷமா பதவி உயர்வை நிறுத்தி வெச்சிருக்கோம். அப்பவும் எழுதறார்!"

பிறகு தராசுக்காரரைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மூன்று வாக்கியம். அவர் ஒலிபெருக்கியின் முன் நின்று படித்தார். "நான் எண்ணைப் பார்த்து இந்த வட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்." அது உண்மை. "என் குடும்பம் நலமாக உள்ளது." குரல் இறங்கியது. மூன்றாவது வாக்கியம், என் மகள் அச்சமின்றி நடமாடுகிறாள் என்பது. தாளைப் பார்த்தார். முதல் வரிசையைப் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நன்றியில் நெகிழ்ந்துவிட்டார் என்று பந்தல் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் ஒரு கேடயத்தைக் கொடுத்துத் தோளில் தட்டினார்.

கூட்டம் கலைந்ததும் தராசுக்காரர் ஆய்வாளரைத் தேடிப் பிடித்தார். ஆய்வாளரின் மார்பில் புதுப் பதக்கம்.

"நாளைக்குக் காலையில வரட்டுங்களா?"

"எதுக்கு சார்?"

"எழுதறதுக்கு. பேனாவுல."

"ஓ, அதுவா." ஆய்வாளர் பதக்கத்தைச் சரி செய்துகொண்டார். "இயக்குநர் இப்பத்தான் ஆயிரத்து ஐநூறுன்னு இலக்குக் குடுத்துட்டுப் போறார். நீங்களும்தான் மேடையில இருந்தீங்களே?"

மனிதர்கள் மேல் கோபப்படக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவர்கள் அந்த நேரத்தில் தராசுக்காரர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

பந்தலுக்கு வெளியே அந்த அம்மா காகிதக் கோப்பைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். துடைப்பத்தை நிறுத்தி, "கை ரொம்ப வலிக்குதா கண்ணு?" என்று மகளைக் கேட்டார். அன்று காலையிலிருந்து அவளை அப்படி யாரும் கேட்டிருக்கவில்லை. தராசுக்காரரும்தான்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "எங்க வட்டத்துக்கு வாங்கண்ணே. எங்க ஆளு எழுதுவாரு."

"நடந்தது இங்கதானேம்மா?"

"எந்தத் தெருவுல நடந்தா என்ன? ஒடைஞ்சது அவ கைதானே?"

நான்கு பேரும் பேருந்து ஏறிப் போனார்கள். நான்காம் வட்டத்து நிலையம் சந்தை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. ஒருவர் கோழி காணவில்லை என்றார். இன்னொருவர் அந்தக் கோழி தன்னைக் கொத்தியது என்றார். இரண்டும் எழுதப்பட்டன. எழுத்தர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. விரல் நுனியெல்லாம் மை. கூட்டுகிற அம்மா சுருக்கமாக விஷயத்தைச் சொல்லி, வண்டி எண்ணையும் ஒப்பித்தார்.

"இடம் பதினொண்ணு" என்றார் எழுத்தர். "இங்க எழுதினா எங்க எண்ணிக்கையில ஏறும்."

எழுத்தர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஏறட்டும். கடைசிக்குக் கீழ இடம் கிடையாதே" என்று புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

தராசுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதாவதுங்க, ஒரு நாலஞ்சு தடவை பின்னால வந்திருக்கான். அப்புறம்..."

"நீங்க கொஞ்சம் இருங்க. பின்னால வந்தது உங்க பின்னாலயா?"

"இல்லைங்க. பொண்ணு பின்னால."

"அப்ப அவங்க சொல்லட்டும். எந்திரிங்க, அந்த நாற்காலியை அவங்களுக்குக் குடுங்க. உக்காரும்மா. தண்ணி குடி. மெதுவா சொல்லு, எனக்கு ஒரு அவசரமும் இல்லை. எத்தனை தடவை?"

மகள் தண்ணீரைக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"இருபத்தாறு தடவை" என்றாள்.

தராசுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"முதல் தடவை எப்ப?"

"குடிவந்த ரெண்டாவது வாரம். செவ்வாய்க்கிழமை."

எழுத்தர் தலை நிமிராமல் எழுதினார். "வீட்டுல ஏம்மா உடனே சொல்லலை?"

பக்கத்து மேசையில் கோழிக்காரர்கள் சமாதானமாகிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா தினமும் சாயங்காலம் கேப்பார். 'எல்லாம் சரிதானேம்மா?'ன்னு. என் முகத்தைப் பார்த்து, சிரிச்சுக்கிட்டே கேப்பார். இந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துப் பிடிச்சார் சார். அப்படிக் கேட்டா, சரின்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

எழுத்தரின் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இதையும் எழுதட்டுமா?"

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, நாற்காலி இல்லாமல், சுவரோரம் நின்றிருந்தார். கேடயத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார்.

"எழுதுங்க" என்றார். "அவ சொன்னபடியே எழுதுங்க."

பேனா நகர்ந்தது. மகள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாவது தடவை, வியாழக்கிழமை" என்று ஆரம்பித்தாள்.